கோலா கங்சாரில் பிறந்த நாவல்கள்: அந்தோணி பர்ஜெஸைத் தோட்டப்புறத்திலிருந்து படிப்பது

1954-இல் மலாயாவின் பேராக் மாநிலத்துக் கோலா கங்சார் மலாய்க் கல்லூரிக்கு ஓர் ஆங்கிலேய ஆசிரியர் வந்து சேர்ந்தார். வயது 37. முழுப்பெயர் ஜான் அந்தோணி பர்ஜெஸ் வில்சன். மான்செஸ்டர்க்காரர், கத்தோலிக்கர், இசையமைப்பாளர் ஆகவேண்டும் என்ற ஆசையோடு வளர்ந்தவர். காலனி அரசு ஊழியர் சொந்தப் பெயரில் நாவல் வெளியிடுவதை மேலிடம் விரும்பாத காலம் அது. பெயரின் நடுவில் இருந்த இரண்டு துண்டுகளை எடுத்து அந்தோணி பர்ஜெஸ் என்று அட்டையில் போட்டுக்கொண்டார். 'டைம் ஃபார் எ டைகர்' 1956-இல் வந்தது, 'தி எனிமி இன் தி பிளாங்கெட்' 1958-இல், 'பெட்ஸ் இன் தி ஈஸ்ட்' 1959-இல். மூன்றும் மலாயாவில் நடக்கும் அங்கத நாவல்கள். மூன்றுக்கும் ஒரே நாயகன், விக்டர் கிராப் என்ற ஆங்கிலேய ஆசிரியன்.

சுங்கை சிப்புட்டில் இருக்கும் நமக்குக் கோலா கங்சார் அரை மணி நேரத் தூரம். ஆனாலும் நம் ஊர்ப்பக்கம் பர்ஜெஸ் என்றால் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்சு'தான் நினைவுக்கு வருகிறது. அதுவும் ஸ்டான்லி குப்ரிக் 1971-இல் எடுத்த படத்தின் வழியாக. உலகம் முழுவதும் இதே கதைதான். முப்பதுக்கு மேல் நாவல்கள், இருநூற்றைம்பதுக்கு மேல் இசைப் படைப்புகள், இரண்டு பாகச் சுயசரிதை, கணக்கில்லாத மதிப்புரைகள் என்று வாழ்நாள் முழுக்க எழுதித் தள்ளிய மனிதரை ஒரே ஒரு படத்தின் நிழலில் நிறுத்திவிட்டார்கள். அவருக்கே அது கடைசிவரை உறுத்தியது. அவர் பெயர் நிலைக்க வேண்டியது மலாயா நாவல்களால் என்பது என் உறுதியான எண்ணம். மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர், பஞ்சாபி முஸ்லிம், யூரேசியர், வெள்ளையர் எல்லாரையும் ஒரே ஊரில் போட்டு, ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் எப்படி விழுகிறது என்று காட்டிய ஆங்கில நாவல் அதற்கு முன் எனக்குத் தெரிந்து இல்லை. மற்ற வெள்ளைக்கார எழுத்தாளர்கள் பெரும்பாலும் கிளப்பையும் பங்களாவையும் தாண்டவில்லை. பர்ஜெஸ் மலாய் கற்றார், மலாயை அரபு வடிவில் எழுதும் ஜாவி எழுத்து கற்றார், அரசாங்க மொழித் தேர்வு எழுதித் தேறினார். முதல் நாவலின் சமர்ப்பணத்தையே மலாயா நண்பர்களுக்கென்று ஜாவியில் அச்சிட வைத்தார்.

'எ கிளாக்வொர்க் ஆரஞ்சு' படிக்க விரும்புபவர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். நாவலுக்கு மூன்று பாகம், பாகத்துக்கு ஏழு அத்தியாயம், ஆக 21. ஒருவன் முழு ஆளாகும் வயது 21 என்ற கணக்கில் அப்படி அமைத்தார். 1962-இல் இங்கிலாந்தில் முழுதாக வந்தது. அமெரிக்கப் பதிப்பில் கடைசி அத்தியாயத்தை வெட்டிவிட்டார்கள். குப்ரிக் படமும் அந்த வெட்டுப்பட்ட முடிவையே பின்பற்றியது. அமெரிக்காவில் 21-ஆம் அத்தியாயம் திரும்ப வந்தது 1986-இல்தான். பழைய புத்தகக் கடையில் பிரதி எடுத்தால் மூன்றாம் பாகத்தின் கடைசி எண்ணைப் பாருங்கள். ஆறோடு நின்றால் அது குறைப்பிரதி. அதை மட்டும் படித்தவர் பர்ஜெஸ் மனிதன் மேல் நம்பிக்கை இல்லாதவர் என்று முடிவு கட்டிவிடுவார். வெட்டுப்பட்ட அத்தியாயத்தில் கதையைச் சொல்லும் இளைஞன் அலெக்ஸ் வன்முறையில் சலித்து, குடும்பம் குழந்தை என்று யோசிக்கத் தொடங்குகிறான். கதையின் பொருளே மாறிவிடுகிறது.

மலாயா நாவல்களை வாங்கும்போதும் ஒரு குழப்பம் வரும். இங்கிலாந்துப் பதிப்புகளில் மூன்றும் சேர்ந்த தொகுதிக்கு 'தி மலாயன் டிரிலஜி' என்று பெயர். அமெரிக்காவில் 1965-இல் 'தி லாங் டே வேன்ஸ்' என்ற பெயரில் வந்தது. தலைப்பைப் பார்த்து நான்காவது நாவல் என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள். உள்ளே இருப்பது அதே மூன்று நாவல்கள்தான். தொகுதி 500 பக்கத்துக்குக் கொஞ்சம் முன்பின் வரும்.

படிக்க உட்காரும் முன் நான்கு தேதிகள் மனதில் இருக்கவேண்டும். முதல் தேதி நம் ஊருடையது. 1948 ஜூன் 16 காலையில் சுங்கை சிப்புட் பக்கம் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க நாடு முழுவதும் அவசரகாலம். 1951 அக்டோபரில் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஹென்றி கர்னி பிரேசர்மலைச் சாலையில் பதுங்கித் தாக்கப்பட்டு இறந்தார். 1955 ஜூலையில் முதல் பொதுத்தேர்தல். கூட்டணிக் கட்சி 52 இடங்களில் 51-ஐப் பிடித்தது. 1957 ஆகஸ்ட் 31 மெர்டேக்கா, அதாவது சுதந்திரம். பர்ஜெஸ் 1954-இல் வந்து, அடுத்த ஆண்டு கிளந்தான் கோத்தா பாருவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு மாறி, மெர்டேக்கா ஆண்டுவரை அங்கே இருந்தார். முதல் நாவலில் பாத்திரங்கள் ஊர் விட்டு ஊர் காரில் போகும்போது வரும் பயமும், மூன்றாவதில் எல்லாரும் அடுத்து யார் நாற்காலி யாருக்கு என்று பதறுவதும் இந்தத் தேதிகள் இல்லாமல் விளங்காது. தேதி தெரியாதவருக்கு எல்லாம் வெறும் கோமாளிக் கூத்தாகப் படும். பாதியில் புத்தகத்தை மூடுபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் மூடுகிறார்கள்.

முதல் நாவல் தொடங்குவதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். நேபி ஆடம்ஸ் என்ற போலீஸ் வாகனப் பிரிவு அதிகாரி காலையில் கண் விழிக்கிறார். ஆள் அநியாய உயரம். பக்கத்தில் ஒரு நாட்டு நாய். நாக்கு வறண்டு கிடக்கிறது. பீர் வேண்டும், அதுவும் குளிராத பீர். எந்தச் சீனக் கடையில் எவ்வளவு கடன், எந்தக் கடைக்காரன் இன்று கதவைச் சாத்துவான், யாரிடம் இன்னும் ஐந்து வெள்ளி கிளறலாம் என்று படுக்கையிலேயே கணக்குப் போடுகிறார். பேரரசின் பிரதிநிதி, சீருடை போட்ட வெள்ளை அதிகாரி, ஊர்க் கடைக்காரர்களின் கடன் புத்தகத்துக்குள் சிறைப்பட்டுக் கிடக்கிறார். ஆட்சி முடியப்போகிறது என்று பர்ஜெஸ் எங்கேயும் பிரசங்கம் செய்யவில்லை. கடன் கணக்கை மட்டும் எழுதுகிறார். இந்த மனிதருக்கு ஆங்கிலத்தை விட உருது சரளம். அல்லாதாத் கான் என்ற பஞ்சாபி முஸ்லிம் கார்ப்பரலோடு அவர் பேசும் பேச்சு நாவலின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று. தோட்டத்துச் சாப்பாட்டுக் கடையில் மாதக் கணக்கு வைத்துப் பழகிய குடும்பங்களுக்கு இந்த முதல் அத்தியாயம் மற்ற எவரையும் விட நன்றாகப் பிடிபடும். அதனால் இந்த நாவல்களைச் சேர்ந்து படிக்கக் கூடுபவர்களுக்கு முதல் கூட்டத்தில் வேறு முன்னுரை எதுவும் வேண்டாம். இந்த அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்தால் போதும்.

நாவலின் மன்சூர் பள்ளி மலாய்க் கல்லூரியைப் பார்த்து எழுதியது. ஆனால் பர்ஜெஸ் ஒரு முக்கியமான மாற்றம் செய்தார். 1905-இல் தொடங்கிய உண்மைக் கல்லூரி மலாய்க்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது. நாவலின் பள்ளியில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆங்கிலேயப் பொதுப்பள்ளியின் சட்டங்கள், மாணவத் தலைவர்கள், விழா நாள் உரைகள் எல்லாவற்றையும் இந்தக் கலவை மேல் அப்படியே கவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கிறார். தலைமையாசிரியர் பூத்பிக்குச் சட்டம் தெரியும், பிள்ளைகளைத் தெரியாது. கிராப்புக்குப் பிள்ளைகள் மேல் அன்பு உண்டு, ஆனால் அவன் சொல் எடுபடாது. சீன மாணவன் ஒருவன் இரவில் கம்யூனிஸ்ட் பாடம் நடத்துகிறான் என்று அவன் எச்சரித்தால் பூத்பி ஏளனமாக ஒதுக்கிவிடுகிறார். கெட்டிக்காரத்தனமும் நல்லெண்ணமும் சேர்ந்தே தோற்கும் இடங்களில் பர்ஜெஸின் பேனா மிகக் கூர்மையாகிறது.

அங்கதம் எவ்வளவு காலம் உயிரோடிருக்கும் என்பது அது யாரை அடிக்கிறது என்பதைப் பொறுத்தது. இவலின் வோ 1938-இல் எழுதிய 'ஸ்கூப்' பத்திரிகைத் தொழிலைக் குறிவைத்தது. போர்ச் செய்தி சேகரிக்கத் தப்பான ஆளை அனுப்பிவிடும் பத்திரிகை முதலாளிகள் இன்னும் இருப்பதால் அந்த நாவலும் இருக்கிறது. பர்ஜெஸ் அலுவலகத்தை, பதவி ஆசையை, பரீட்சையை, மாநாட்டை, நிபுணர்களை அடிக்கும் பக்கங்கள் அதே போல இன்றும் புத்தம் புதிதாக இருக்கின்றன.

மூன்றாவது நாவலில் ராபர்ட் லூ வரும் பகுதி இதற்கு நல்ல சாட்சி. சீனக் கடைக்காரர் ஒருவரின் மகன். பதின்வயதுப் பையன். யாரும் கற்றுக்கொடுக்காமலே ஒரு முழு சிம்பொனி எழுதியிருக்கிறான். கடையில் ஜூக்பாக்ஸ் அலறுகிறது. பையன் கல்லாவில் உட்கார்ந்து தாளில் சுரம் எழுதுகிறான். மலாயாவின் எல்லா இனத்து ஓசைகளும் அந்த இசையில் ஒன்று சேர்ந்துவிட்டன, புதிய நாட்டுக்கு இதுதான் குரல் என்று கிராப் நம்புகிறான். பையனை எப்படியாவது வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைக்க அலைகிறான். கடைசியில் அமெரிக்கர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கிராமத்து மண்வாசனை உள்ள நாட்டுப்புற இசை. ஒரு சீனப் பையன் மேற்கத்திய சிம்பொனி எழுதியது அவர்களுக்கு எதற்கு? ஹாலிவுட் படத்தில் கேட்ட சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உள்ளூர்க் கலைஞன் என்ன செய்யவேண்டும் என்பதை மானியம் கொடுக்க வந்தவர் தீர்மானிக்கும் இந்தக் காட்சி எழுதப்பட்டது 1950-களின் கடைசியில். நம் கலைக்குழுக்கள் எதற்கும் மனுப்போட்டுப் பார்த்தவர்கள் இதைப் படித்தால் ஒரு வரியைக்கூடத் தள்ள மாட்டார்கள். பர்ஜெஸே இசையமைப்பாளராக ஏங்கியவர் என்பதால் அந்தப் பையனை ஒரு வரியில்கூடக் கேலி செய்யவில்லை. மூன்று நாவல்களிலும் அவர் முழு மரியாதையோடு எழுதிய பாத்திரம் அதுதான் என்பேன்.

மனிதர்களின் நிறத்தையும் குரலையும் உடலையும் அடிக்கும் பக்கங்கள் செத்துப்போய்விட்டன. இதை மழுப்பக்கூடாது. தமிழ்ப் பாத்திரங்கள் வரும் இடங்களில் இந்தக் குறை மிகுதி. ரோஸ்மேரி மைக்கேல் அழகான தமிழ்க் கிறித்தவப் பெண். தமிழச்சி என்று சொல்லிக்கொள்ளக் கூசுகிறவள், ஒரு வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய்விடத் துடிக்கிறவள். அவளை அந்தத் தவிப்புக்குத் தள்ளிய சமூகத்தைக் காட்டும்போது நாவல் உண்மையாக இருக்கிறது. அவள் நிறத்தை வர்ணிப்பதில் நாவலே குதூகலிக்கும்போது அசிங்கமாக இருக்கிறது. ஆறுமுகம் என்ற பாத்திரத்தின் கீச்சுக் குரலும் அப்படித்தான். ஒருமுறை சிரிப்பு வரும், நான்காம் முறை எரிச்சல்தான் வரும்.

இத்தகைய பக்கங்களைக் கூட்டத்தில் எப்படிக் கையாள்வது? தாண்டிப் போகாதீர்கள். எல்லாரும் கையில் பென்சில் வைத்துக்கொள்ளட்டும். சிரிப்பு மூட்ட எழுதிய ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் ஒரு குறி: சிரிப்பு பதவி, சட்டம், பேராசை, போலித்தனம் இவற்றின் மேல் என்றால் 'ப', நிறம், உடல், குரல், பிறப்பு இவற்றின் மேல் என்றால் 'உ'. எதில் சேர்ப்பது என்று தெரியாத இடத்தில் இரண்டும். கூட்டத்தில் இரண்டு குறி விழுந்த இடங்களை மட்டும் எடுத்துப் பேசுங்கள். 'ப' பற்றிச் சண்டை வராது. 'உ' பற்றியும் பெரும்பாலும் வராது. இரண்டும் விழுந்த இடத்தில்தான் பர்ஜெஸ் என்ன செய்கிறார் என்று தெரியவரும். பக்கத்தை உரக்கப் படிக்கும் பொறுப்பை இளம்பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்; 'உ' பத்திகளைத் திடீரென்று வாய்விட்டுப் படிக்க நேர்ந்த பிள்ளை அடுத்த வாரம் வராது. படிப்பவர் முன்னாலேயே பார்த்து வைத்துவிட்டு, இங்கே இப்படி ஒன்று வருகிறது என்று சொல்லிவிட்டுப் படிக்கவேண்டும்.

இன்னொரு பெரிய குறை இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை இதுதான் நம் ஊர்க்காரர் பர்ஜெஸிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி. மூன்று நாவல்களிலும் பேசவும் சண்டை போடவும் செய்கிற தமிழர்கள் யார் யார் என்று எழுதிப் பாருங்கள். ஜகநாதன், இரண்டாவது நாவலில் வரும் பள்ளியின் மூத்த ஆசிரியர். தலைமைப் பதவி தனக்கு வரவேண்டியது என்று குமுறி, கிராப்பின் மாணவப் பருவத்து இடதுசாரிப் பழக்கத்தைத் தோண்டி எடுத்து மிரட்டுகிறவர். வைத்திலிங்கம், கால்நடை மருத்துவர். அம்மா சிலோனிலிருந்து பார்த்துவைத்த பெண்ணுக்கும் ரோஸ்மேரிக்கும் நடுவில் திணறுகிறவர். அப்புறம் சுந்தரலிங்கம், ஆறுமுகம், மணியம். கூட்டம் கூட்டமாக வரும் இந்த நண்பர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்தார், படித்த அரசு உத்தியோகக்காரர்கள். ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டியவர் ஒருவர்கூட இந்த வரிசையில் இல்லை. 1950-களின் பேராக்கில் தமிழர் என்றால் பெரும்பாலும் தோட்டத்து லயத்துக்காரர்தான். நாவலின் எடையைத் தாங்கும் ஒரு பாத்திரமாக அவர்கள் வரவேயில்லை.

இதை வெறும் அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். காரணங்களைப் பார்க்கவேண்டும். அவசரகாலத்தில் தோட்டம் முள்வேலிக்குள் இருந்தது. ஊரடங்கு, அரிசிப் பங்கீடு, பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்குப் பின் வாசலில் உடல் சோதனை. வெளியாள் உள்ளே போக யாராவது ஒரு துரையின் அழைப்பு வேண்டும், போனாலும் பங்களாவரைதான். பர்ஜெஸ் குடியிருந்ததோ கோலா கங்சாரில் பள்ளிப் பிள்ளைகள் தங்கியிருந்த கிங்ஸ் பெவிலியன் மாளிகையில். அவர் பழகிய தமிழர் அலுவலகத்திலும் ஆசிரியர் அறையிலும் இருந்தவர்கள். பேராக்கில் இருந்ததும் சில காலம்தான். பிறகு போன கிளந்தானில் தமிழர் தொகையே மிகக் குறைவு. இரண்டாவது, மூன்றாவது நாவல்கள் அந்தக் கிழக்குக்கரை மாநிலத்தைப் பார்த்தே எழுதப்பட்டவை. மொழியும் ஒரு காரணம். அவருக்கு மலாய் நன்றாகத் தெரியும். மலாய்க்காரப் பாத்திரங்கள் பழமொழி சொல்லித் தங்களுக்குள் வாதாடும் அளவுக்கு உயிரோடு இருக்கிறார்கள். தமிழ் தெரியாது. ஆங்கிலம் பேசிய தமிழர் மட்டுமே அவர் காதில் விழுந்தார்கள். 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசு பெற்ற 'மலேசி' எழுதிய ஆன்ரி ஃபோகோன்னியே தோட்டத் துரையாகவே வாழ்ந்தவர். வேலையாட்கள் அவர் பார்வைக்குள் வந்தார்கள், துரையின் உயரத்திலிருந்து பார்த்தாலும். பர்ஜெஸுக்கு அந்த வாசல்கூடத் திறக்கவில்லை.

கூட்டம் நடத்த நினைப்பவர்களுக்கு இனி நடைமுறை. ஆறு முதல் எட்டு பேர் போதும். வாரம் 40 பக்கம் என்று வைத்தால் மூன்று, மூன்றரை மாதத்தில் முடியும். அதற்கு மேல் வேகம் வைத்தால் இரண்டாவது நாவலில் ஆட்கள் விழுந்துவிடுவார்கள். ரூப்பர்ட் ஹார்ட்மன் என்ற வழக்கறிஞன் கடன் தீர்க்க மதம் மாறி சே நோர்மா என்ற பணக்கார விதவையைக் கட்டிக்கொள்ளும் கதை, சுல்தானைச் சுற்றிய சூழ்ச்சி, ஜகநாதனின் மிரட்டல், கிராப்பின் குடும்பச் சிக்கல் எல்லாம் அங்கே ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும். என் மதிப்பில் மூன்றில் பலவீனமானது அதுதான். அங்கே வாரத்துக்கு 30 பக்கமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். கிராப்பின் முதல் மனைவி கார் ஆற்றில் விழுந்து இறந்ததும், அந்தக் காரை அவன் ஓட்டியதும், அதிலிருந்து அவன் வண்டி ஓட்டாததும் முதல் நாவலிலேயே வருகிறது. மூன்றாவதின் முடிவு முழுக்க அதன் மேல் நிற்கிறது.

ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள்: பெயர், இனம், வேலை, யாரிடம் எந்த மொழியில் பேசுகிறார். நாலாவது பத்திதான் உயிர். நாவல் ஆங்கிலத்தில் இருப்பதால் எல்லாரும் ஆங்கிலம் பேசுவதாகவே தோன்றும். நேபி ஆடம்ஸ் உருதுவில் திட்டுகிறாரா, கிராப் மலாயில் கெஞ்சுகிறானா என்று கவனித்து எழுதினால்தான் பாதி நகைச்சுவை பிடிபடும். மலாய்ச் சொற்களின் எழுத்தும் இளையவர்களைத் தடுமாற வைக்கும். 1972-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்திய முறை அது. இன்று 'சி' என்ற ஒற்றை எழுத்து வரும் இடத்தில் அன்று 'சி-எச்' என்று இரண்டு எழுத்து. பள்ளியில் மலாய் படித்த பிள்ளை ஒரு நிமிடம் விழிக்கும், வாய்விட்டுச் சொன்னால் உடனே தெரிந்துவிடும். கற்பனை ஊர்ப் பெயர்கள் பலவற்றில் கொச்சை ஒளிந்திருக்கிறது என்பதையும் பெரியவர்கள் முன்னாலேயே தெரிந்து வைத்திருப்பது நல்லது. குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்கும் கூட்டத்தில் யாராவது அர்த்தம் கேட்பார்கள்.

பர்ஜெஸின் சுயசரிதையைத் துணைக்கு எடுப்பவர்கள் கவனம். 1987-இல் வந்த 'லிட்டில் வில்சன் அண்ட் பிக் காட்' படிக்கச் சுவையானது, சாட்சியாக வைக்கத் தகாதது. மிகப் பிரபலமான எடுத்துக்காட்டு மூளைக் கட்டி. 1959-இல் புருணையில் வகுப்பில் மயங்கி விழுந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது உண்மை. மருத்துவர்கள் ஓராண்டு கெடு கொடுத்தார்கள், மனைவிக்குச் சொத்து வைக்க வெறியோடு நாவல் எழுதினேன் என்பது அவர் சொன்னது. ஆண்ட்ரூ பிஸ்வெல் 2005-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் இந்தக் கதையை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும். 1960-லிருந்து 1962-க்குள் ஏழு நாவல்கள் வந்தன என்பது மட்டும் மறுக்கமுடியாத கணக்கு. அதன் பிறகும் 1993 வரை வாழ்ந்தார். இங்கிலாந்தில் அவர் மதிப்பு இறங்கியதற்கு இந்த வேகமும் ஒரு காரணம். இவ்வளவு எழுதுகிறவர் ஆழமாக எழுதமாட்டார் என்று விமர்சகர்கள் முடிவு கட்டினார்கள். 1963-இல் புனைபெயரில் வந்த தன் நாவலுக்குத் தானே யார்க்‌ஷயர் போஸ்ட்டில் மதிப்புரை எழுதி வேலையை இழந்ததும் அவருக்கு உதவவில்லை. 1980-இல் 'எர்த்லி பவர்ஸ்' புக்கர் பரிசின் இறுதிப் பட்டியல்வரை வந்தது, பரிசு வில்லியம் கோல்டிங்கிற்குப் போனது. இதையெல்லாம் தெரிந்துகொள்ளலாம். மலாயா நாவல்களை எடைபோட இவை தேவையில்லை.

முதல் நாவல் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலா கங்சாருக்குப் போய்வாருங்கள். பேராக் ஆற்றங்கரை, வெளியிலிருந்து பார்க்க மலாய்க் கல்லூரிக் கட்டடம், புக்கிட் சண்டானில் 1917-இல் கட்டி முடித்த உபுடியா பள்ளிவாசல், பிறகு மாவட்ட அலுவலகத்தின் அருகில் நிற்கும் பழைய ரப்பர் மரம். 1877-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ கோலா கங்சாரில் நடவைத்த கன்றுகளில் எஞ்சியது அது. நம் பாட்டன் பூட்டனைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த தொழிலின் தாய்மரம் பர்ஜெஸ் குடியிருந்த அதே சிற்றூரில் நின்றிருக்கிறது. அவர் நாவலில் இல்லாதது எது என்று பிள்ளைகளுக்கு விளக்க அந்த மரத்தடியை விட நல்ல இடம் கிடையாது. வரைபடத்தோடு நாவலின் தெருக்களை ஒப்பிட முயல வேண்டாம். அவர் இடங்களைக் கலைத்துப் போட்டுத்தான் எழுதினார்.

மூன்றாவது நாவல் முடிந்தபின் இரண்டு புத்தகங்களை அடுத்ததாக வையுங்கள். கெடா பீடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம் 1981-இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' ஒன்று. சலவைத் தொழிலாளியின் மகன் கண்ணால், இந்தியாவிலிருந்து வந்து இந்த மண்ணில் ஒரு துண்டு நிலத்தைச் சொந்தமாக்கப் போராடும் பாட்டி பெரியதாயின் கதையோடு தொடங்கும் நாவல். பர்ஜெஸ் கேட்காத குரல் அதில் இருக்கிறது, அதே ஆங்கில மொழியில். இன்னொன்று அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை'. அவசரகாலத்துப் பயம் தமிழ்க் குடும்பங்களுக்குள் எப்படி நுழைந்தது என்று தமிழிலேயே சொல்வது.

கடைசிக் கூட்டத்துக்கு 'பெட்ஸ் இன் தி ஈஸ்ட்' முடியும் பகுதியைத் திரும்ப எடுங்கள். கிராப் ஆற்றில் மேலேறி ஒரு தோட்டத்துக்குப் போகிறான். ஜார்ஜ் கோஸ்டார்ட் என்ற துரையோடு பங்களாவில் உட்கார்ந்து பேசுகிறான். இறந்துபோன தன் முதல் மனைவியைப் பற்றி அவன் காதில் விழக்கூடாத ஒன்றை அந்தத் துரையின் வாயாலேயே கேட்டுவிட்டு வெளியே வந்து ஆற்றில் முடிகிறான். பேச்சு இரண்டு வெள்ளையர்களுக்குள்தான். அத்தியாயத்தை ஒருமுறை படித்தபின் வெள்ளைத்தாளை எடுத்து, அன்று அந்தத் தோட்டத்தில் வேலையில் இருந்திருக்கக்கூடிய ஆட்களை எல்லாம் எழுதுங்கள்: பங்களா குசினிக்காரர், ஆயா, தோட்டக்காரர், கிராணி, தண்டல், கங்காணி, ஆஸ்பத்திரி டிரசர், பள்ளிக்கூட வாத்தியார், பால் நிறுப்பவர், மரம் வெட்டுகிற ஆண்களும் பெண்களும். கூட்டத்தில் எழுபது வயது தாண்டியவர் இருந்தால் இந்தப் பட்டியலை அவரே நிரப்பட்டும். ஒவ்வொருவரும் மாலை அந்த நேரத்தில் தோட்டத்தில் எங்கே இருப்பார் என்பதையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பிறகு அத்தியாயத்தை இரண்டாம் முறை படித்து, இந்தப் பட்டியலில் யாரெல்லாம் பக்கத்தில் வருகிறார்கள் என்று பார்த்து, ஒவ்வொருவராக டிக் அடியுங்கள்.